கோரிக்கை இல்லாத கைதி

என் தங்கையின் கணவன் கரிகாலன் பிரான்சிலேயே மிக ஆபத்தான கைதிகளில் ஒருவன். இதை நான் சொல்லவில்லை, அரசாங்கம் எழுத்தில் சொல்லியிருக்கிறது. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் நான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் அவன் கொத்துரொட்டி போட்டான். கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறுவான். ஊசி போடுவதென்றால் என் தங்கை பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவனைச் சற்று நடக்க விடுவதற்குத் தலைக்கவசம் போட்ட காவலர்கள் கூட்டமாக வருகிறார்கள் என்றால், சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவன் முதலில் உள்ளே போனது நியாயமான காரணத்துக்குத்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். குடிவெறியில் வந்த ஒருவன் அவனுடைய கொத்துரொட்டியைப் பார்த்து, இதை நாய் தின்னுமா என்று கேட்டான். கரிகாலன் கொத்துத் தகட்டின் தட்டைப் பக்கத்தால் ஒன்று போட்டான். தாடை உடைந்தது. நீதிமன்றம் தகட்டை ஆயுதம் என்று சொல்லி ஒன்றரை வருடம் கொடுத்தது. பாரிசுக்குப் பக்கத்திலேயே சிறை, ரெயிலில் போய்வரலாம். என் தங்கை யசோதினி ஒவ்வொரு கிழமையும் ஆறு வயது மகள் சுபாங்கியைக் கூட்டிக்கொண்டு போவாள். பிள்ளை தகப்பனின் மடியில் ஏறியிருந்து, அவன் தாடியில் நரைத்த மயிரைத் தேடித் தேடிப் பிடுங்கும். அவன் ஐயோ ஐயோ என்பான். அந்த மடி இருந்தபடியால்தான் மூன்று பேரும் அந்த நாட்களைத் தள்ளினார்கள்.

எல்லாம் 2014ஆம் ஆண்டு பிள்ளையார் தேரன்று கெட்டது. அன்றைக்குப் பார்த்து அவனுக்குச் சிறுநீரகக் கல் குத்தத் தொடங்கியது. சிறை வண்டியில் ஏற்றி, வட பாரிசில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டிய காவலருக்குத் தேர் என்றால் என்னவென்று தெரியாது. வண்டியை நேரே லா சப்பலுக்குள் விட்டார். பிறகென்ன, முன்னால் தேர், பின்னால் சனம், தெருவெல்லாம் உடைத்த தேங்காய். வண்டி அசையவில்லை. உள்ளே கரிகாலன் வாந்தி எடுக்கிறான். காற்றுப் பட்டால் நல்லது என்று ஒரு காவலர் அவனை இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினார். பாவம், நல்ல மனுஷன். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் காவலரின் கையில் சர்க்கரைத் தண்ணீர்க் கோப்பையைத் திணித்திருக்கிறார். இன்னொருவர் கரிகாலனின் கையில் தேர்வடத்தைத் திணித்திருக்கிறார்.

வடம் கைக்கு வந்தால் எங்கள் ஆள் எவனும் அதை விடமாட்டான். விட்டால் குற்றம் என்று எங்கும் எழுதியில்லை, ஆனாலும் கை விடாது. விலங்கோடு இழுத்தான். பக்கத்தில் நின்றவர்கள் அதை ஏதோ புதுவகை நேர்த்திக்கடன் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஓர் அம்மா விலங்குக்கே திருநீறு பூசிவிட்டார். ரூ து ஃபொபூர் சேன்-தெனி மூலை வரைக்கும் இழுத்தான். அந்தக் குலுக்கலில் கல் இறங்கிவிட்டதாம். நோவு விட்டதும்தான் தான் ஒரு கைதி என்பது அவன் மண்டைக்குள் ஏறியது. வடத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்து, சிறை வண்டியைத் தேடிப் பிடித்து, கதவைத் தட்டினான். உள்ளே ஒருவரும் இல்லை. காவலர்கள் நெற்றியில் சந்தனத்தோடு அவனைத்தான் தேடித் திரிந்தார்கள்.

அறிக்கையில் இது எப்படி வந்தது தெரியுமா? பல ஆயிரம் பேரின் ஒத்தாசையுடன், ஒரு பாரிய மர வாகனத்தைப் பயன்படுத்தி, திட்டமிட்டுக் காவலில் இருந்து தப்பினானாம். தப்பியவன் ஏன் திரும்பி வந்தான் என்ற இடத்தில், நோக்கம் தெரியவில்லை, கவலைக்குரியது என்று எழுதியிருந்தார்கள். வெளியே பல ஆயிரம் கூட்டாளிகள் உள்ள ஒருவனைச் சாதாரணச் சிறையில் வைக்க முடியுமா? வடக்கே, பீற்றூட் வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஆகக் கடுமையான சிறைக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சிறை புத்தம் புதிது. எல்லாம் சுத்தம், எல்லாம் சாம்பல் நிறம். மேசை நிலத்தோடு பூட்டியிருக்கும், கதிரை மேசையோடு பூட்டியிருக்கும், கரண்டி பிளாஸ்டிக். சாப்பாடு கதவில் உள்ள துவாரத்தால் வரும், கொண்டு வருகிறவரின் முகம் தெரியாது. ஒரு கைதி நடையில் வந்தால் மற்றக் கதவுகளெல்லாம் பூட்டப்படும், ஒருவரை ஒருவர் காணக் கூடாது. உலாவுவதற்கு ஒரு முற்றம் உண்டு. அது முற்றமில்லை, கூரைக்குப் பதிலாகக் கம்பி வலை போட்ட இன்னொரு அறை. வலைக்கு மேலே ஒரு புறா நடந்தால் அன்றைக்கு வீட்டுக்கு ஆள் வந்தது மாதிரி இருக்கும் என்றான். அந்த முற்றத்துக்குப் போகும்போது உடுப்பைக் களைந்து சோதிப்பார்கள், வரும்போதும் களைந்து சோதிப்பார்கள். ஒரு புல்லும் முளைக்காத இடத்தில் இருந்து அவன் எதைத்தான் கொண்டுவரப் போகிறான் என்று கேட்க எனக்கு வாய் உன்னும். இரவில் ஒவ்வொரு ரோந்துக்கும் விளக்கைப் போட்டு, அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்ப்பார்கள். அவன் சாகாமல் பார்த்துக்கொள்வதற்காக அவனைத் தூங்க விடவில்லை. சுரங்கம் தோண்டாமல் இருக்க அடிக்கடி அறையையும் மாற்றுவார்கள். எல்லா அறையும் ஒரே அச்சு என்பதால், மாறியது அவனுக்கே சில நேரம் தெரியாது.

பக்கத்து அறையில் பணவண்டிகளை மறித்துக் கொள்ளையடித்த ஒருவன் இருந்தான். முகம் தெரியாது, எந்த அறைக்கு மாறினாலும் சன்னல் வழியாகக் கத்திக் கதைப்பான். நீ என்ன செய்தாய் என்று அவன் கேட்க, தேர் இழுத்தேன், சில ஆயிரம் பேர் கூட வந்தார்கள் என்று கரிகாலன் தன் குசினிப் பிரெஞ்சில் உள்ளதைச் சொல்லியிருக்கிறான்.  அன்றிலிருந்து அவன் கரிகாலனை முதலாளி என்றுதான் கூப்பிட்டான்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டார்கள். சகிக்க முடியாதது கண்ணாடி. பர்லுவார் என்று சொல்லும் சந்திப்பு அறையில், தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை தடித்த கண்ணாடி. பேசுவதற்குச் சல்லடைத் துவாரம் மட்டும். முதல்நாள் சுபாங்கி வழமைபோல மடியில் ஏற ஓடிப்போய், நெற்றி அடிபட்டு வீங்கியது. அடுத்தமுறை வரமாட்டேன் என்று அழுதது. யசோதினி பிள்ளைக்குப் பொய்யும் இனிப்பும் கொடுத்துக் கூட்டிப்போனாள். சிறைக்குக் கார் ஓடிப்போனது நான்தான், ஆகையால் அந்த அழுகையெல்லாம் என் பின்சீட்டில்தான் நடந்தது.

தீபாவளி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த புருஷனிடம் யசோதினி சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தமுறை ரெண்டு பேரும் கந்தசட்டி பிடிப்பம். வேறை ஒண்டும் கேக்க வேண்டாம். இந்தக் கண்ணாடி எடுபடவேணும், பிள்ளை உங்கடை மடியிலை இருக்கவேணும். அவ்வளவுதான்."

அவன் ஓம் என்றான். அங்கேதான் சனி பிடித்தது.

கந்தசட்டி ஆறு நாள் விரதம். எங்கள் வீட்டார் கடுமையாகப் பிடிப்பவர்கள்: தண்ணீர், கொஞ்சம் மிளகு, வேறு ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர் நடக்கும், முருகன் சூரனை வெல்வார். அடுத்த நாள் விடியத்தான் பாறணை, அதாவது விரதத்தை முடித்துச் சாப்பிடுவது. கரிகாலன் சிறைக்காரரிடம் மிளகு கேட்டான். காவலரின் கண்ணில் எறியலாம் என்று மறுத்துவிட்டார்கள். சரி, தண்ணீர் போதும் என்று தொடங்கினான். தட்டுகள் தொடாமல் திரும்பின. தொடாத தட்டுகள் இத்தனைக்கு மேல் சேர்ந்தால் அதன் பெயர் உண்ணாவிரதப் போராட்டம் என்பது அந்தச் சிறை விதி. வைத்தியர் வந்தார், தராசு வந்தது, கடைசியில் சிறை இயக்குநர் லோறன்ஸ் அம்மையாரே வந்தார். கூடவே பாதுகாப்பு அதிகாரி ரோமன்.

மொழிபெயர்க்கப் பாரிசில் இருந்து இஞ்ஞாசி ஐயாவைக் கூப்பிட்டார்கள். பாண்டிச்சேரிக்காரர், கத்தோலிக்கர், தபால் இலாகாவில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், என் கடையில் புளி வாங்குகிறவர். உள்ளே நடந்ததில் பாதியைக் கரிகாலன் சொன்னான், மீதியை இவர் ஒரு தேத்தண்ணிக்குச் சொன்னார். மொழிபெயர்ப்பில் மனுஷன் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். வினை அதில்தான் வந்தது.

கரிகாலன் இது விரதம் என்றான். அம்மையார் பொறுமையாக விளக்கினார். ரமழானுக்குச் சுற்றறிக்கை இருக்கிறது, அவர்கள் இரவில் சாப்பிடுகிறார்கள். நீங்கள் இரவில் சாப்பிடுவீர்களா? இல்லை என்றான். அப்படியென்றால் இது போராட்டம்தான் என்றார். போராட்டம் என்றால் ஒரு கோரிக்கை இருக்க வேண்டும், கோரிக்கை இல்லாமல் போராட்டத்தைப் பதியவும் முடியாது, முடித்துவைக்கவும் முடியாது. உங்கள் கோரிக்கை என்ன?

விரதத்தில் இருக்கிறவன் பொய் சொல்லக் கூடாது. என் மச்சான் உள்ளதைச் சொன்னான்.

"கோரிக்கை இருக்குத்தான். ஆனால் அது உங்களிட்டை இல்லை. முருகனிட்டை."

ரோமன் பேனாவைத் திறந்தது அப்போதுதான்.

முருகன் யார், பிரான்சில் இருக்கிறாரா என்று கேட்டார். எங்கும் இருப்பார் என்றான் கரிகாலன். ஆயுதம் வைத்திருப்பாரா? வேல். பதவி? சேனாதிபதி. தங்குமிடம்? ஆறு இடம், பெரும்பாலும் மலைகளில். குடும்பம்? இரண்டு மனைவி. பெற்றோருடன் உறவு எப்படி? சின்ன வயதில் ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். ரோமன் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாராம். இப்படித்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள் என்று அம்மையாரிடம் மெல்லச் சொன்னாராம். வாகனம் என்ன என்றதற்கு மயில் என்று பதில் வந்தபோது பேனா கொஞ்சம் தயங்கியது, பிறகு அதையும் எழுதியது. கடைசியில், இந்த விரதம் எப்போது முடியும் என்று கேட்டார். புதன்கிழமை சூரனோடு சண்டை, அதற்கு அடுத்த நாள் முடியும் என்றான். புதன்கிழமைக்குக் காவலை இரட்டிப்பாக்கும்படி உத்தரவு போனது.

இஞ்ஞாசி ஐயா பொறுக்க மாட்டாமல், அது இந்துக்களுடைய சாமி அம்மா என்று விளங்கப்படுத்தினார். லோறன்ஸ் அம்மையார் தலையை ஆட்டினார். அவர் முட்டாள் இல்லை, அது அவருக்கும் விளங்கியிருந்தது. ஆனால் குடியரசு மதச்சார்பற்றது, எந்தக் கடவுளும் இருப்பதாக அதன் கோப்பில் எழுத முடியாது. ஆகவே முருகனை ஒரு தனிநபர் என்றுதான் பதிய முடியும் என்றார்.  

பிறகு பேரம் தொடங்கியது. ஒருநாள் இன்னொரு தலையணை தருவதாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லையே என்றான். அடுத்த நாள் தொலைக்காட்சியில் ஒரு விளையாட்டுச் சானல். வேண்டாம். வெந்நீர்க் கேத்தல். வேண்டாம். மனுஷனுக்குத் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துத்தான் எழும்புகிறான், ஆனால் சொல்வதெல்லாம் நன்றி, வேண்டாம் என்பதுதான். இவ்வளவு இறுக்கமான பேரக்காரனைத் தங்கள் உத்தியோகத்தில் கண்டதில்லை என்று அவர்கள் நடுங்கினார்கள். பக்கத்து அறைக்காரன் சன்னலால், விட்டுக்கொடுக்காதே முதலாளி, அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை வந்தது. லா சப்பலில் நாங்கள் எல்லாரும் ரூ பஜோல் கோயிலடியில் சூரன்போர் பார்த்துக்கொண்டு நின்றோம். யசோதினி நிற்க முடியாமல் என் தோளில் சாய்ந்திருந்தாள். அங்கே சிறையில் கூரைக்கு மேல் ஆயுதத்தோடு ஆட்கள் நின்று, மயில் வருகிறதா என்று பார்த்தார்களோ என்னவோ, வானத்தைப் பார்த்தபடி இருந்தார்களாம்.

அன்று பின்னேரம் லோறன்ஸ் அம்மையார் கரிகாலனின் அறைக்கு வந்தார். தானே கையில் தட்டைக் கொண்டு வந்தார். பாண் துண்டு, அவித்த கரட், ஒரு தயிர். பின்னால் ரோமன், பக்கத்தில் இஞ்ஞாசி ஐயா. அடுத்த நாள் காலை அமைச்சில் இருந்து மேற்பார்வையாளர் வருகிறாராம். கோரிக்கை தெரியாத ஒரு போராட்டத்தை அவருக்குக் காட்ட முடியாது. அம்மையார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தச் சிறையில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. எங்களிடம் கேட்க வேண்டாம், அந்த நபரிடம் நீங்கள் கேட்டது என்ன என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

கரிகாலன் சொன்னான். கண்ணாடி இல்லாமல் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

அம்மையார் மூச்சு விட்டாராம். இவ்வளவுதானா? அது என் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றார். இந்தச் சனிக்கிழமையே கண்ணாடி இல்லாத அறை, இனி ஒவ்வொரு சந்திப்புக்கும் அதே அறை. ஒரே ஒரு நிபந்தனை. போராட்டம் இன்றைக்கே முடிந்துவிட்டது என்று நான் எழுத வேண்டும், அதற்கு நீங்கள் எங்கள் கண்முன்னால் இதைச் சாப்பிட வேண்டும். நாளைக்கு மேற்பார்வையாளர் வந்துவிட்டால் எனக்கு அதிகாரம் இல்லை.

கரிகாலன் விடிந்ததும் சாப்பிடுகிறேன் என்றான். விடிந்தால் காரியம் இல்லை என்றார் அவர். கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னாராம். கரிகாலனிடம் அதுவரைக்கும் ஒரு சொல்லைக் கூட்டிப் பேசாத இஞ்ஞாசி ஐயா, அன்றைக்கு முதல்தடவையாக அவனிடம் தன் வாயால் பேசினார்.

"தம்பி, நான் இதச் சொல்லக் கூடாது, மொழிபெயர்க்கத்தான் வந்திருக்கேன். ஒரு தயிர்தானேப்பா. சாப்பிட்டுடுங்க. புள்ளைய நெனச்சுக்குங்க."

கரிகாலன் தட்டைப் பார்த்தான். தயிரின் மூடியை அம்மையாரே திறந்து வைத்திருந்தார். நாக்கில் நீர் ஊறியது என்று அவனே சொன்னான்.

"ஐயா, இன்னும் ஒரு இரவுதான் கிடக்கு. இப்ப வாயிலை வைச்சனெண்டால் இவ்வளவு நாளும் பிடிச்ச விரதம் முறிஞ்சு போம். அங்கை அவளும் பட்டினி கிடக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லுறது?"

தட்டைத் தள்ளிவிட்டான். மடையன். 

வியாழன் விடிந்தது. குளித்தான், திருநீறு இல்லாததால் வெறுநெற்றியில் விரலை இழுத்தான், கிழக்கு எது என்று தெரியாமல் எல்லாச் சுவரையும் கும்பிட்டான். துவாரத்தால் வந்த காலைச் சாப்பாட்டை ஒரு துணுக்கும் விடாமல் தின்றுவிட்டு, இன்னொரு பாண் கிடைக்குமா என்று கேட்டான். சிறை முழுவதும் செய்தி பறந்தது. மேற்பார்வையாளர் ஓடிவந்தார். போராட்டத்தை நிறுத்திவிட்டீரா? நிறுத்திவிட்டேன். உமக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஏன் நிறுத்தினீர்? முடிந்துவிட்டது, அதுதான்.

மேற்பார்வையாளரின் முகம் வெளிறிப்போனது என்கிறார் இஞ்ஞாசி ஐயா. மிரட்டினால் பணியவில்லை, கொடுத்தால் வாங்கவில்லை, கேட்டதையே தட்டில் வைத்து நீட்டினாலும் தொடவில்லை. தான் குறித்த நாளில், தான் குறித்த நேரத்தில், சிரித்த முகத்தோடு சாப்பிடுகிறான். இப்படிப்பட்ட ஒருவன் நினைத்தால் என்னதான் செய்யமாட்டான்? கண்ணாடி அப்படியே இருக்க வேண்டும், கடும் காவல் இன்னும் ஒரு வருடம் தொடர வேண்டும் என்று முடிவெழுதிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நான் யசோதினியையும் சுபாங்கியையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரிகாலன் மெலிந்துபோய், ஆனால் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தான். நடந்ததெல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். தட்டைத் தள்ளிய இடத்தை இரண்டுதரம் சொன்னான். எவ்வளவு ஆசை காட்டியும் தான் விரதத்தை முறிக்கவில்லை என்று கேட்டால் மனைவி பூரித்துப்போவாள் என்று அவன் நினைத்தான். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் வீட்டில் உப்புப் போத்தலைக்கூட மறைத்துவைத்து விரதம் பிடிக்கிறவள்.

யசோதினி கடைசிவரைக்கும் கேட்டாள். பட்டினியால் அவள் கண்ணும் குழிவிழுந்திருந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அந்த அம்மா தட்டைக் கொண்டு வந்தது எப்போது?

புதன்கிழமை பின்னேரம் என்றான்.

"சூரன்போர் முடிஞ்ச பிறகோ?"

"ஓம். வெளியிலை மைம்மலா இருட்டத் தொடங்கீட்டுது."

 சத்தம் போடுவாள் என்று நான் பயந்தேன். அவள் சத்தம் போடவில்லை, சல்லடைத் துவாரத்துக்குக் கிட்டப் போய் மெல்லமாகத்தான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. நாங்கள் கேட்டதைக் குடுக்க முருகன்தான் வந்தவர். சண்டை முடிஞ்ச கையோடை, தட்டையும் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னாலை வந்து நிண்டிருக்கிறார். நீங்கள் விரதம் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிப் போட்டியள்."

 கரிகாலன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான், தோள் குலுங்கியது. பின்னால் நின்ற காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா ஏன் அழுகிறார் என்று சுபாங்கி பிரெஞ்சில் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன்னால், அவனுடைய கையை முகத்திலிருந்து எடுத்துவிட எட்டினாள், விரல்கள் கண்ணாடியில் இடித்தன.